'வச்சியோ, போச்சு!': ஜப்பானிய மொழியின் 'மொனொ நர'வைத் தமிழ்க் காதால் கேட்பது

டோக்கியோவின் எடோகாவா வார்டில் நிஷி-கஸாய் என்று ஒரு பகுதி உண்டு. இந்தியக் குடும்பங்கள் நிறைய வாழும் இடம். அங்கே நான் குடியிருந்த கட்டடத்தில் காலை எட்டு மணிக்குள் குப்பைப் பைகளைக் கீழே கொண்டுவந்து வைத்துவிட வேண்டும். பைகளின் மேல் ஒரு வலையை இழுத்துப் போர்த்தவும் வேண்டும். முதல் வாரம் அந்த வலை எதற்கென்றே எனக்குத் தெரியாது. பையை வைத்துவிட்டுத் திரும்பினால், கீழ்வீட்டுப் பாட்டி துடைப்பமும் கையுமாக நிற்கிறார். குனிந்து வலையின் ஓரத்தைப் பிடித்து என் பையின் மேல் இழுத்துவிட்டபடியே சொன்னார்:

"நெத்தொ ஒ கக்கெஜு நி தஸோ மொன் நர, கரஸு நி ஜெம்பு யரரெரு யொ."

நெத்தொ என்றால் வலை. கரஸு காகம். ஜெம்பு முழுவதும். இவ்வளவும் புரிந்தது. நடுவில் வந்த 'தஸோ மொன் நர' மட்டும் புத்தகத்தில் படித்த எதோடும் உடனே ஒட்டவில்லை. ஆனால் அவர் குரல் போன போக்கில், என் காதில் தமிழாகவே ஒன்று விழுந்தது: "வலையைப் போடாம வச்சியோ, அவ்வளவுதான், காக்கா மொத்தத்தையும் கிழிச்சுப் போட்டுடும்பா."

மாடிக்கு வந்து புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். பல மாதம் மனப்பாடம் செய்தும் மனத்தில் நிற்காமல் போன ஓர் இலக்கண வடிவம் அது. ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் உயர்நிலைக்குப் படிப்பவர்கள் எல்லோரும் எப்படியும் சந்திக்கிற வடிவம். என் புத்தகத்தில் அதற்கு ஆங்கிலத்தில்தான் பொருள் போட்டிருந்தது: "அப்படிச் செய்ய நேர்ந்தால்" என்பது மாதிரி ஏதோ ஒன்று. அந்த வழியாகப் போனதால்தான் அது நிற்கவில்லை என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். நம் மொழியில் இதற்கு ஒரு வடிவம் தயாராக இருக்கிறது. வீட்டில் தினமும் அதைப் பேசுகிறோம். 'சொன்னியோ, தொலைஞ்சே' என்பதில் வரும் அந்த ஓகாரம்தான் அது. தமிழர்களுக்கு இந்தப் பாடத்தை அங்கிருந்து தொடங்கிச் சொல்லித்தர வேண்டும் என்பது என் ஆசை.

எழுத்தைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. ஜப்பானியச் சொற்களை இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறேன். ஒரு விதத்தில் இது வசதி: குறில் ஒ, நெடில் ஓ என்ற வேறுபாடு அவர்களுக்கும் உண்டு, நமக்கும் உண்டு. இந்தக் கட்டுரையில் அந்த வேறுபாடு மிக முக்கியம். 'தஸோ' என்பதில் ஓ நெடில், 'மொனொ' என்பதில் இரண்டும் குறில். வல்லினத்தில்தான் சிக்கல். 'தஸோ'வில் வரும் த, 'தர்மம்' என்று சொல்லும்போது வருகிற த. சொல்லின் நடுவே வல்லோசை வர வேண்டிய இடங்களில் எழுத்தை இரட்டித்திருக்கிறேன். மிச்சத்தை ஒலிப்பதிவு கேட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள்.

நமக்கு ஒரே 'ஆல்', அவர்களுக்கு நான்கு

தமிழில் நிபந்தனை சொல்ல 'ஆல்' ஒன்றே பெரும்பாலும் போதும். வந்தால், போனால், இருந்தால். ஜப்பானிய மொழியில் தொடக்க நிலையிலேயே நான்கு வடிவங்களைக் கற்பிப்பார்கள்: தொ, ப, தர, நர. விரிவாகப் போக வேண்டாம். இது நடந்தால் எப்போதும் அது நடக்கும் என்கிற இயல்பான விளைவுக்குத் 'தொ'. நிபந்தனையை அழுத்திச் சொல்லப் 'ப'. ஒன்று முடிந்த பிறகு அடுத்தது என்றால் 'தர'. நம் 'போனா', 'வந்தா'வுக்கு மிக நெருக்கமானது இதுதான், அன்றாடப் பேச்சில் அதிகம் கைகொடுப்பதும் இதுதான்.

'நர' கொஞ்சம் வேறு. எதிரில் இருப்பவர் சொன்னதை, அல்லது ஒரு நிலைமையை, 'சரி, அப்படித்தான் என்று வைத்துக்கொள்வோம்' என்று கையில் எடுத்துக்கொண்டு பேசுவது. நண்பர் "ஜப்பான் போகப்போறேன்" என்கிறார். "போறதா இருந்தா வசந்த காலத்துல போ" என்கிறோம். அந்தப் 'போறதா இருந்தா'தான் 'இக்கு நர'. 'போனா' என்பது 'இத்தர'. 'போனா', 'போறதா இருந்தா' இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தமிழ்க் குழந்தைக்கே தெரியும். அது தெரிந்தால் தரவும் நரவும் பிரிந்துவிடும்.

நாம் பார்க்கப்போகும் வடிவத்தின் கடைசியில் நிற்பது இந்த 'நர'வேதான். அதற்கு முன்னால் 'மொனொ'. பொருள், விஷயம், சங்கதி என்று அதற்கு அர்த்தம். 'மொனொ நர' என்றால் 'அப்படி ஒரு சங்கதி என்றால்'. அதற்கும் முன்னால் ஒரு வினைச்சொல் வர வேண்டும். அது எந்த வடிவில் வருகிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

'வைப்போமே' என்று சொல்லும் வடிவம் எச்சரிக்கையானது எப்படி?

முன்னால் வர வேண்டியது விருப்ப வடிவம். 'செய்வோம்', 'செய்யலாமே' என்று அழைக்கிற வடிவம் என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பார்கள். நொமு என்றால் குடி. நொமோ என்றால் குடிப்போமே. யஸுமு என்றால் ஓய்வெடு, லீவு எடு; அது யஸுமோ ஆகும். தஸு, வெளியே வை என்பது தஸோ. இந்த முதல் வகை வினைகளில் கடைசி உகரம் போய் நெடில் ஓகாரம் வந்து உட்காரும். மிஸெரு (காட்டு) போன்ற இரண்டாம் வகையில் 'ரு' போய் 'யோ' வரும்: மிஸெயோ. ஒழுங்கற்ற இரண்டு வினைகள்: ஸுரு (செய்) என்பது ஷியோ, குரு (வா) என்பது கொயோ. அந்த ஓகாரத்தோடு 'மொனொ நர' சேர்த்தால் வடிவம் தயார். 'தஸோ மொனொ நர', 'ஷியோ மொனொ நர'. பேச்சில் 'மொனொ' சுருங்கி 'மொன்' ஆகும். பாட்டி சொன்னது அதுதான்.

படிப்பவர்கள் தடுமாறுவதும் இங்கேதான். 'தஸோ' என்றால் 'வெளியே வைப்போம்' என்று படித்திருக்கிறோம். 'வெளியே வைப்போம் என்கிற சங்கதி என்றால்' என்று கூட்டிப் பார்த்தால் ஒன்றும் தேறாது. பாட்டி என்னை வைக்கச் சொல்லி அழைக்கவில்லை. வைக்காதே என்றுதான் எச்சரித்தார்.

விடை மொழியின் வரலாற்றில் இருக்கிறது. பழைய ஜப்பானிய மொழியில் 'மு' என்றொரு துணைவினை விகுதி இருந்தது. இன்னும் நடக்காத ஒன்றை மனத்தால் எட்டிப்பிடித்துச் சொல்வது அதன் வேலை. 'செய்யப்போகிறேன்' என்ற எண்ணத்துக்கும் அதே 'மு', 'செய்வான் போலும்' என்ற ஊகத்துக்கும் அதே 'மு', 'அப்படிச் செய்வதாக வைத்துக்கொண்டால்' என்ற கற்பனைக்கும் அதே 'மு'. 'இக்கு' என்ற வினையை எடுத்துக்கொண்டால், பழைய 'இக்கமு' நாளடைவில் 'இக்கன்' ஆகி, 'இக்கவு' ஆகி, இன்றைய 'இக்கோ' ஆகிவிட்டது. அழைப்பு என்ற பொருள் இன்று மேலோங்கி நிற்கிறது. கற்பனை என்ற பழைய பொருளோ சில தொடர்களில் மட்டும் உறைந்துபோய்த் தங்கியிருக்கிறது. 'மொனொ நர'வுக்கு முன்னால் நிற்பது அந்தப் பழைய பொருள்தான்.

இது நமக்கு அந்நியமே இல்லை. "இந்நேரம் அவன் வீட்டுல இருப்பான்" என்கிறோம். வடிவம் எதிர்காலம், பொருள் ஊகம். நடக்காததைச் சொல்லும் வடிவம் ஊகத்துக்கும் கற்பனைக்கும் கைமாறுவது பல மொழிகளில் நடப்பதுதான்.

இன்றைய ஜப்பானிய மொழியில் இந்த விருப்ப வடிவம் ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்து அதைத் தழுவி நிற்பது அரிது. கொமி என்றால் குப்பை; 'தஸோ கொமி' என்று யாரும் சொல்வதில்லை. 'தஸோ மொனொ' மட்டும் எப்படி வந்தது என்றால், அது பழைய வழக்கின் எச்சம். 'அரோ கொத்தொ க' என்று இன்னொரு தொடர் உண்டு. 'இப்படியும் நடக்குமா, அடக்கொடுமையே' என்ற பொருளில் செய்திக் கட்டுரைகளில்கூட வரும். அதுவும் இதே எச்சம்தான். இலக்கண நூல்களில் இந்த இடம் வெறும் விதியாக, ஒரு வரியாகக் கடந்து போய்விடுகிறது. காரணம் தெரிந்த பிறகு எனக்கு விதி மறக்கவே இல்லை.

பொருள்: ஒரு துளி போதும், பிறகு பெருவெள்ளம்

"மழை பெஞ்சா கரண்ட் போகும்." இது வெறும் தகவல். "ரெண்டு தூறல் விழுந்துதோ, கரண்ட் போச்சு!" இதையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டாவதில் என்னென்ன கூடியிருக்கிறது? காரணம் சின்னதாகிவிட்டது: மழைகூட வேண்டாம், ரெண்டு தூறலே போதும். விளைவு உறுதியாகிவிட்டது. அது தொல்லை என்பது தெரிகிறது. சொல்பவரின் சலிப்பும் கொஞ்சம் மிகைப்படுத்தலும் சேர்ந்துவிட்டன. 'ஓ மொனொ நர' சொல்வது இந்த முழுத் தொகுப்பையும்தான்.

நாரா நகரத்துப் பூங்காவுக்குப் போனவர்களுக்கு இந்த எடுத்துக்காட்டு உடனே பிடிபடும். அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட மான்கள் கட்டில்லாமல் திரிகின்றன. 1957இல் அவற்றை இயற்கை நினைவுச்சின்னமாக அரசு அறிவித்தது. மான்களுக்குக் கொடுப்பதற்கென்றே அரிசித் தவிடும் கோதுமை மாவும் கலந்து செய்த வட்ட வில்லைகள் விற்பார்கள். பெயர் 'ஷிக்க ஸெம்பே'. காசு கொடுத்து வாங்கிக் காகிதப் பட்டையைப் பிரிப்பதற்குள் ஒரு மூக்கு முழங்கையை இடிக்கும். இன்னொன்று சட்டை நுனியைப் பிடித்து இழுக்கும். திரும்பினால் ஏழெட்டு நிற்கும். அந்தக் காட்சிக்கு இந்த வாக்கியம்:

"ஷிக்க ஸெம்பே ஒ தெ நி மொத்தோ மொனொ நர, தச்சிமச்சி ஷிக்க நி கக்கொமரெரு."

'தெ நி மொத்ஸு' என்றால் கையில் பிடிப்பது. 'தச்சிமச்சி' கண்மூடித் திறப்பதற்குள். 'கக்கொமரெரு' சூழப்படுவது. "மான் பிஸ்கெட்டைக் கையில எடுத்தீங்களோ, அடுத்த நொடி மான் கூட்டம் சூழ்ந்துக்கும்." 'கையில எடுத்தா' என்று மொழிபெயர்த்தால் தவறில்லை, ஆனால் சட்டையை இழுக்கும் மான் காணாமல் போய்விடும்.

அலுவலகத்தில் கேட்கக்கூடியது ஒன்று: "இச்சினிச்சி தெமொ யஸுமோ மொனொ நர, ஷிகொத்தொ க யம நொ யோ நி தமரு." ஒரே ஒரு நாள் லீவு போட்டேனோ, வேலை மலையாட்டம் குவிஞ்சிடும். இதில் 'தெமொ' என்ற சொல்லைக் கவனியுங்கள். நம் 'கூட', 'ஆவது' மாதிரி. இந்த வடிவம் தனியாக வருவதைவிட இப்படி ஒரு துணையோடு வருவதையே விரும்பும். 'ஸுக்கொஷி தெமொ' கொஞ்சமாவது, 'ஹித்தொக்கொத்தொ தெமொ' ஒரு வார்த்தையாவது, 'உக்கரி' தப்பித்தவறி. தமிழிலும் இதே கதைதான்: "தப்பித்தவறி அவர் காதுல விழுந்துதோ", "ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினோமோ". காரணத்தைச் சிறிதாக்கிக் காட்டினால்தான் விளைவு பெரிதாகத் தெரியும்.

கடந்த காலத்து நினைவுகளுக்கும் இது பொருந்தும். "ஸொஃபு நி குச்சிகொத்தஎ ஒ ஷியோ மொனொ நர, யூஹன் நுக்கி தத்த." தாத்தாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினோமோ, அன்னிக்கு ராத்திரி சாப்பாடு கிடையாது. அந்த வீட்டில் அது வழக்கம், திரும்பத் திரும்ப நடந்தது. 'தத்த' என்ற கடைசிச் சொல் மட்டும் இறந்தகாலம். ஒரே ஒரு முறை நடந்து முடிந்த சம்பவத்தை இந்த வடிவில் சொல்ல மாட்டார்கள்.

இரண்டு மொழிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நாம் விளைவை இறந்தகாலத்தில் தூக்கிப் போடுவோம்: 'போச்சு', 'செத்தோம்', 'தொலைஞ்சோம்'. நடக்காததையே நடந்து முடிந்ததாகச் சொல்வது நம் வேகம். ஜப்பானியர்கள் பொதுவான எச்சரிக்கையில் விளைவை நிகழ்-எதிர்கால வடிவிலேயே விடுவார்கள். மிகச் சாதாரணமான முடிப்பு 'தைஹென் ந கொத்தொ நி நரு', பெரிய வம்பாகிவிடும் என்பது. நம் 'போச்சு'வை அப்படியே கொண்டுபோய் அங்கே வைக்கக் கூடாது.

வகுப்பில் நான் எழுதிய வாக்கியம்

ஜப்பான் போவதற்கு முன்பு சென்னையில் ஒரு சிறிய மாலை வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஸென்ஸே, அதாவது ஆசிரியர், ஒரு ஜப்பானியப் பெண்மணி. இந்த வடிவத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டு, ஆளுக்கு ஒரு வாக்கியம் பலகையில் எழுதச் சொன்னார். தேர்வு நெருங்கிக்கொண்டிருந்த நேரம். நான் எழுதினேன்:

"ஷிகென் நி கோகக்கு ஷியோ மொனொ நர, மின்ன தெ ஒயிவை ஷிமஷோ."

'தேர்வில் பாஸானால் எல்லோரும் சேர்ந்து கொண்டாடுவோம்' என்பது என் எண்ணம். ஸென்ஸே இரண்டு முறை படித்தார். மார்க்கரின் மூடியைப் போட்டு மூடினார். பிறகு என்னைப் பார்த்து, மிக மெதுவாக, உண்மையான அக்கறையோடு கேட்டார்: "கோகக்கு, இய தெஸ் க?" பாஸாவது உங்களுக்குப் பிடிக்கவில்லையா?

ஏன் அப்படிக் கேட்டார் என்பது எனக்கு அன்று அரைகுறையாகத்தான் புரிந்தது. இப்போது தமிழில் சொல்லிப் பார்க்கிறேன்: "நான் பாஸானேனோ, பார்! எல்லாரும் கொண்டாடுவோம்." முதல் பாதி மிரட்டல், இரண்டாம் பாதி விருந்து. காதுக்கே பொருந்தவில்லை. அன்றைக்கு இப்படித் தமிழில் சொல்லிப் பார்த்திருந்தால் பலகை வரைக்கும் போயிருக்க மாட்டேன்.

அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு பிழைகள். விளைவு தொல்லையாக இருக்க வேண்டும். கொண்டாட்டம் தொல்லை இல்லை. அதைவிட முக்கியமானது, பின்பாதியில் 'செய்வோம்', 'செய்யுங்கள்', 'செய்யப்போகிறேன்' என்று அழைப்போ வேண்டுகோளோ தீர்மானமோ வரக் கூடாது. அங்கே வருவது நம் கையில் இல்லாத, தானாக வந்து மேலே விழுகிற விளைவு. நான் எழுத வேண்டியது சாதாரண 'தர'தான்: 'கோகக்கு ஷித்தர, மின்ன தெ ஒயிவை ஷிமஷோ.'

முன்பாதி நல்ல விஷயமாக இருக்கலாமா என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாக இருக்கலாம். "இச்சிபன் நி நரோ மொனொ நர, மவரி நி நெத்தமரெரு." முதல் ரேங்க் எடுத்தோமோ, சுத்தி இருக்கறவங்க பொறாமைப்படுவாங்க. முதலிடம் நல்லதுதான், அதனால் வருவது தொல்லை. கெட்டதாக இருக்க வேண்டியது பின்பாதி மட்டுமே.

பெயர் ஒன்று, குணம் வேறு

'மொனொ நர'வுக்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. கடைசி இரண்டு சொற்களும் ஒன்றேதான், முன்னால் வரும் வினை வடிவம் மட்டும் மாறும். விருப்ப வடிவத்துக்குப் பதில் 'முடியும்' என்ற ஆற்றல் வடிவம் வந்தால், பொருள் தலைகீழாகிவிடும்.

"மொதொரெரு மொனொ நர, கொதொமொ நொ கொரொ நி மொதொரித்தை." திரும்பிப் போக முடியுமானால், சின்ன வயசுக்கே திரும்பிப் போயிடணும். முடியாது என்று தெரிந்தே ஏங்குவது. மிரட்டல் இல்லை, எச்சரிக்கை இல்லை, பெருமூச்சு மட்டுமே. 'மொதொரு' திரும்புவது, 'மொதொரெரு' திரும்ப முடிவது. அதுவே 'மொதொரோ' என்று வந்திருந்தால் 'திரும்பிப் போனோமோ, வம்புதான்' ஆகியிருக்கும். 'ரெரு'வா 'ரோ'வா என்ற இந்தச் சின்ன இடத்தில் வாக்கியத்தின் உணர்வே புரண்டுவிடுகிறது.

இந்த உடன்பிறப்புக்குச் சண்டைக்கார முகமும் உண்டு: "யரெரு மொனொ நர யத்தெ மிரொ!" இதை மொழிபெயர்க்கவே வேண்டாம், சொல்லுக்குச் சொல் நம்முடையது: "முடிஞ்சா செஞ்சு பாருடா!" 'யத்தெ' செய்து, 'மிரொ' பார். எதையாவது முயன்று பார்ப்பதற்குப் 'பார்' என்ற வினையையே துணையாக நிறுத்துவது இரண்டு மொழிக்கும் பொது. இதைக் கண்டுகொண்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்றிலிருந்துதான், எந்த ஜப்பானிய வடிவத்தைப் படித்தாலும் முதலில் 'இதை வீட்டில் எப்படிச் சொல்வோம்?' என்று கேட்டுக்கொள்ளத் தொடங்கினேன்.

'தக ஸைகொ': அதோடு சரி

இன்னொரு வடிவத்தையும் சேர்த்தே படித்துவிட வேண்டும், இல்லையென்றால் இரண்டும் குழம்பும். 'தக ஸைகொ'. 'ஸைகொ' என்றால் கடைசி, முடிவு. வினையின் இறந்தகால வடிவத்தோடு 'க ஸைகொ' சேரும். பேச்சுவாக்கில் 'தர ஸைகொ' என்றும் சொல்வார்கள்.

"ஸொபொ வ ஹனஷி ஹஜிமெத்த க ஸைகொ, ஹி க குரெரு மதெ தொமரனை." பாட்டி பேச ஆரம்பிச்சாங்களோ, பொழுது சாயற வரைக்கும் நிக்காது. அமைப்பைப் பார்த்தால் நம் ஓகாரத்துக்கு இது இன்னும் நெருக்கம்: 'ஆரம்பிச்சாங்க' என்ற இறந்தகாலம், அதன் பின் ஓர் அசை, அதன் பின் விளைவு. தமிழில் ஓகாரம் ஒன்றே இரண்டு வேலையையும் பார்க்கிறது. ஜப்பானியர்கள் அதை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். எனவே நமக்கு மிச்சமிருக்கும் வேலை, எப்போது எது என்று பார்ப்பதுதான்.

'ஸைகொ' ஒரு கோடு போடுகிறது. அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டால் திரும்ப வழியில்லை, பிறகு அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். பாட்டி பேசத் தொடங்கியதில் யாருக்கும் தண்டனை இல்லை, நிறுத்த முடியாது என்பதே செய்தி. 'ஓ மொனொ நர' கோட்டைப் பற்றிப் பேசுவதில்லை. அப்படி ஒன்றைச் செய்யத் துணிந்தாலே, அந்தப் பக்கம் கை நீட்டினாலே போதும், உடனே வந்து விழும் என்கிறது. ஒன்று மீள முடியாததைச் சொல்கிறது, மற்றொன்று சின்னத் தூண்டலுக்குப் பெரிய அடி விழுவதைச் சொல்கிறது. இரண்டும் பொருந்துகிற வாக்கியங்களும் உண்டு. அப்போது சொல்பவர் எதை அழுத்த நினைக்கிறார் என்பதைப் பொறுத்தது.

தேர்வு அறையில்

ஜப்பானிய மொழித் திறன் தேர்வு 1984இல் தொடங்கியது. 2010இல் நான்கு நிலைகளை ஐந்தாக மாற்றினார்கள். உச்சியில் இருப்பது என்1. சென்னையிலும் இந்தத் தேர்வை எழுதலாம். 2010 மாற்றத்துக்குப் பிறகு 'இந்த நிலைக்கு இவ்வளவு இலக்கணம்' என்ற அதிகாரபூர்வமான பட்டியலை வெளியிடுவதில்லை. அதனால் ஒவ்வொரு பயிற்சி நூலும் தன் கணிப்பில் ஒரு பட்டியல் போடுகிறது. 'ஓ மொனொ நர'வை என்1 பட்டியலில் வழக்கமாகக் காணலாம்.

இலக்கணப் பகுதியில் சிதறிய நான்கு துண்டுகளை வரிசைப்படுத்தி, நட்சத்திரக் குறி இட்ட இடத்தில் எது வரும் என்று கேட்கும் கேள்விகள் உண்டு. அங்கே 'மொனொ நர' கண்ணில் பட்டால், துண்டுகளின் பொருளை யோசிப்பதற்கு முன்னால், நெடில் ஓகாரத்தில் முடிகிற துண்டு எது என்று தேடுங்கள். அது அநேகமாக 'மொனொ நர'வுக்கு நேர் முன்னால்தான் நிற்கும். வெற்றிடம் நிரப்பும் கேள்வியாக இருந்தால், வாக்கியத்தின் கடைசியை முதலில் படியுங்கள். அங்கே 'ஷிமஷோ', 'குதஸை', 'த்ஸுமொரி தெஸ்' போன்று அழைப்போ வேண்டுகோளோ எண்ணமோ இருந்தால் 'ஓ மொனொ நர'வை அடித்துவிடலாம். 'தை' என்று ஆசையில் முடிந்தால், ஆற்றல் வடிவத்தோடு வருகிற உடன்பிறப்பை நினைத்துப் பாருங்கள்.

இரண்டு தமிழ் வாக்கியங்கள் தருகிறேன். ஜப்பானிய மொழியில் சொல்லிப் பாருங்கள். முதலாவது: "மழை விட்டா வெளிய போகலாம்." இரண்டாவது: "அவர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களோ, மறுநாள் ஊருக்கே தெரிஞ்சிடும்."

முதலாவதற்கு 'அமெ க யந்தர தெக்கக்கெமஷோ'. வெளியே போகலாம் என்பது அழைப்பு, மழை விடுவதில் தொல்லையும் இல்லை, எனவே 'தர'. இங்கே 'யமோ மொனொ நர' என்று போட்டிருந்தால் என் ஸென்ஸே உங்களையும் அப்படித்தான் பார்த்திருப்பார்.

இரண்டாவதற்கு: "அனொ ஹித்தொ நி ஹித்தொக்கொத்தொ தெமொ ஹனஸோ மொனொ நர, த்ஸுகி நொ ஹி நி வ மச்சிஜூ நி ஷிரெவத்தரு." 'மச்சிஜூ' ஊர் முழுக்க, 'ஷிரெவத்தரு' பரவித் தெரிந்துவிடுவது. 'ஒரு வார்த்தை' என்று காரணத்தைச் சிறிதாக்கியிருப்பதால் 'ஹித்தொக்கொத்தொ தெமொ' வந்தது, அதுவே 'ஓ மொனொ நர'வை இழுத்துக்கொண்டு வந்தது. நீங்கள் 'ஹனஷித்த க ஸைகொ' என்று எழுதியிருந்தால் அதுவும் சரியே. அப்போது அழுத்தம் இடம் மாறும்: ஒரு வார்த்தைதானே என்பது பின்னால் போய், வாயை விட்டுப் போன சொல்லைத் திரும்பப் பிடிக்க முடியாது என்பது முன்னால் வந்து நிற்கும்.